கண்ணும் கையும் ஒளிப்புள்ளியும்

வங்காலைக் கரையிலிருந்து கடலுக்குப் போகும் முதிய மீனவர் ஒருவரிடம், மீன் படும் இடத்தை எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறீர் என்று கேட்டால், அவர் கரையைத் திரும்பிப் பார்ப்பார். முன்னே நிற்கும் பனையொன்றும், அதற்குப் பின்னே தொலைவில் தெரியும் கோயிற் கோபுரமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்போது படகு ஒரு நேர்கோட்டில் நிற்கிறது என்பது அவருடைய கணக்கு. பனை விலகினால் படகும் கோட்டை விட்டு விலகிவிட்டது என்று அறிவார். குறிபார்த்தல் என்னும் கலையின் அடிப்படையும் இதுவே.

இக்கலையைப் பற்றி நான் சிந்திக்க நேர்ந்தது என் மருமகனால். என் தமக்கையின் மகனாகிய அவன் சுவிற்சர்லாந்தில் வாழ்கிறான். அந்நாட்டில் குறிசுடுதல் ஊர்தோறும் நடைபெறும் ஒரு விளையாட்டு. ஆண்டுதோறும் நடைபெறும் தேசியக் குறிசுடும் விழாவில் இலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்குபற்றுகின்றனர். அவனும் ஒரு கழகத்திற் சேர்ந்து கைத்துப்பாக்கி பயில்கிறான். சென்ற விடுமுறையில் வந்தபோது, "மாமா, ஒளிக்குறிகாட்டி பூட்டிய கைத்துப்பாக்கி வாங்கலாமோ என்று யோசிக்கிறேன்" என்றான். அருகிலிருந்த என் தமக்கையின் முகம் கறுத்துப் போயிற்று.

அவரை நான் குறைகூற மாட்டேன். 1983ஆம் ஆண்டு தொடங்கி 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போர்க்காலத்தில், துவக்கு என்னும் சொல் எங்கள் கரையில் ஒரு விளையாட்டைக் குறித்ததில்லை. வெடியோசை கேட்டதும் பிள்ளைகளை வாங்குகளின் கீழே படுக்கச் சொன்ன ஆசிரியர்களுள் நானும் ஒருவன். எனவே அவனுக்கு விடை கூறுவதற்கு முன்னர் நானே சிலவற்றைப் படித்தறிய வேண்டியதாயிற்று. அறிந்தவற்றை நேயர்களுக்கும் சொல்வது பயன்தரும் என எண்ணுகிறேன்.

குறிசுடுதல் 1896இல் ஏதென்சில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக் விழாவிலேயே இடம்பெற்ற விளையாட்டு. இன்று நடைபெறும் 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில், இலக்கின் நடுவேயுள்ள பத்தாம் வளையம் 11.5 மில்லிமீற்றர் விட்டம் கொண்டது. ஒரு சட்டைப் பொத்தான் அளவு என்று சொல்லலாம். அதனை நோக்கி ஒரு கையால் மட்டும் பிடித்து 60 முறை சுடவேண்டும். நம் நாட்டு இராணுவ வீராங்கனை தெகானி எகொடவெல 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கிற் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் பங்குபற்றினார். கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவனும் அதே பிரிவில் உலகப் புகழ் பெற்றவர். கைத்துப்பாக்கியில் இந்தியாவின் மனு பாக்கர் 2024இல் பாரிசில் இரண்டு வெண்கலப் பதக்கங்களை வென்றார்.

சாதாரணக் கைத்துப்பாக்கியின் மேல் இரண்டு குறிகாட்டிகள் உள்ளன. குழலின் முனையில் ஒரு சிறு நிமிர்கட்டை. அதனை முன்குறி என்போம். கைப்பிடியின் பக்கமாக, நடுவே பிளவுள்ள தகடு, அது பின்குறி. பின்குறியின் பிளவுக்குள் முன்குறியை நடுவாகவும் மட்டமாகவும் நிறுத்தி, இரண்டையும் இலக்கின்கீழ் வைத்துச் சுடவேண்டும். பனையும் கோபுரமும் போல இவ்விரண்டும் பொருந்த வேண்டும் என்பது தெளிவு. ஆனால் மீனவரின் அடையாளங்களுக்கிடையே பெருந்தூரம் உண்டு. இங்கோ இரண்டுக்குமிடையே ஒரு சாண் தூரமும் இல்லை. 16 சதமமீற்றர் இடைவெளியுள்ள குறிகளில், முன்குறி ஒரேயொரு மில்லிமீற்றர் பிசகினாற்கூட, 25 மீற்றருக்கு அப்பால் சன்னம் ஏறத்தாழ 16 சதமமீற்றர் தள்ளிப் படும். கை முழுவதும் ஒரே சீராக ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தாலோ, சன்னமும் ஒரு மில்லிமீற்றர் மட்டுமே நகரும். ஆகவே கை அசைவதைவிடக் குறிகள் ஒன்றையொன்று விட்டு விலகுவதே பெருந்தீங்கு.

இவ்விடத்திலேதான் கண்ணின் குறை குறுக்கிடுகிறது. பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு தூரங்களில் உள்ளன. மனிதக் கண்ணோ ஒரு வேளையில் ஒரு தூரத்தை மட்டுமே தெளிவாகக் காணவல்லது. ஆகவே முன்குறியைத் தெளிவாகப் பார், இலக்கு மங்கலாகவே இருக்கட்டும் என்று பயிற்றுநர் கற்பிப்பர். இளைஞருக்கு இது பழக்கத்தால் வரும். நாற்பது வயதைக் கடந்த பின்னரோ கண்ணின் வில்லை இறுகி, அண்மைப் பொருளிற் பார்வையைக் குவிக்கும் ஆற்றல் குறைகிறது. வருகைப் பதிவேட்டைக் கைநீட்டிப் பிடித்து வாசிக்கும் என்போன்றோருக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

இக்குறையை நீக்க வந்ததே ஒளிக்குறிகாட்டி. இதன் மூலக் கருத்தை 1900ஆம் ஆண்டில் அயர்லாந்தைச் சேர்ந்த தொலைநோக்கி வல்லுநர் ஹவார்ட் கிரப் வெளியிட்டார். மின்கலத்தால் இயங்கும் செம்புள்ளிக் குறிகாட்டியை 1975இல் சுவீடனின் எயிம்பொயின்ற் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. அது செயற்படும் விதம் எளியது. ஒரு சிறு விளக்கின் செவ்வொளி வளைந்த கண்ணாடியொன்றின்மேல் விழுகிறது. அக்கண்ணாடியிற் பூசப்பட்ட மெல்லிய படலம் செவ்வொளியைக் கண்ணுக்குத் திருப்பியனுப்பி, ஏனைய ஒளியைப் பெரும்பாலும் ஊடுசெல்ல விடுகிறது. கண்ணாடியின் வளைவு காரணமாகச் செங்கதிர்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகக் கண்ணை வந்தடைகின்றன. எனவே அப்புள்ளி கண்ணாடியின் மேல் இருப்பதாகத் தோன்றாமல், தொலைவில் இலக்கின்மேல் ஒட்டியிருப்பதாகத் தோன்றுகிறது.

நிலவு வெளிச்சத்திற் கடற்கரையில் நடக்கும் குழந்தை, நிலாவும் தன்னோடு கூடவே வருகிறது என்று மகிழ்வதை நாம் கண்டிருக்கிறோம். மிகத் தொலைவிலுள்ள பொருளிலிருந்து வரும் கதிர்கள் சமாந்தரமானவை. நாம் சற்று நகர்ந்தாலும் அதன் திசை மாறுவதில்லை. ஒளிப்புள்ளியும் அந்த நிலாவைப் போன்றதே. தலை சிறிது இடம் மாறினாலும், புள்ளி காட்டும் திசை பெரும்பாலும் மாறாது. சிறுபிழை எஞ்சுவதுண்டாதலால், புள்ளியைக் கண்ணாடியின் நடுப்பகுதியில் வைத்திருத்தல் நன்று. மூன்று பொருள்களைப் பொருத்தும் வேலை இரண்டைப் பொருத்தும் வேலையாகிறது. இரண்டும் ஒரே தூரத்தில் உள்ளவையாகவே தெரிகின்றன.

துரோணர் தம் மாணவரைச் சோதித்த கதை நாம் அறிந்தது. மரம் தெரிகிறது, கிளை தெரிகிறது என்றனர் ஏனையோர். பறவையின் கண் மட்டும் தெரிகிறது என்றான் அருச்சுனன். பழைய குறிகாட்டியில் அருச்சுனனின் வழி செல்லாது. அங்கே முன்குறியைப் பார்க்கவேண்டும், பறவை மங்கலாக வேண்டும். ஒளிக்குறிகாட்டியிலோ அவனுடைய வழியே சரியான வழி. இரு கண்களையும் திறந்து இலக்கைப் பார்க்கவேண்டும். புள்ளி தானாக வந்து அதன்மேல் அமரும். புள்ளியையே உற்றுநோக்குவது புதியவர் செய்யும் பிழை.

இனி, தெரிவு செய்யும் முறை. முதலிற் பார்க்கவேண்டியது கடையை அன்று, போட்டியின் விதிநூலை. ஒலிம்பிக் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் ஒளிக்குறிகாட்டிக்கு இடமில்லை. திறந்த குறிகளே அனுமதிக்கப்பட்டவை. மாறாக, 1976இல் அமெரிக்காவின் கொலம்பியா நகரில் அமைக்கப்பட்ட செயல்முறைச் சுடுதலுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பு, ஒளிக்குறிகாட்டிக்குத் தனிப் பிரிவுகளை வைத்திருக்கிறது. அமெரிக்காவின் நுண்குறிப் போட்டிகளிலும் அதற்கு இடமுண்டு. எந்தப் போட்டிக்கென்று முடிவு செய்யாமல் வாங்குவோன், பாடத்திட்டம் பாராமற் புத்தகம் வாங்கும் மாணவனை ஒப்பான்.

இரண்டாவது, கைக்கு ஏற்ற பிடி. நிமிர்த்திய கையில் துப்பாக்கி இயல்பாகவே இலக்கை நோக்கவேண்டும். சுட்டுவிரலின் நுனி வில்லங்கமின்றி விசையை அடையவேண்டும். பிடி பொருந்தாத துப்பாக்கிக்கு எத்துணை விலையுயர்ந்த குறிகாட்டியைப் பூட்டினும் பயனில்லை.

மூன்றாவது, புள்ளியின் பருமன். இதனைக் கோணக் கலையால் அளப்பர். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. 25 மீற்றரில் ஒரு கலை என்பது ஏறத்தாழ 7.3 மில்லிமீற்றர். அத்தூரத்து நுண்குறி இலக்கின் பத்தாம் வளையம் 50 மில்லிமீற்றர் விட்டமுடையது. 6 கலைப் புள்ளி 44 மில்லிமீற்றரை மறைத்து வளையத்தை ஏறக்குறைய மூடிவிடும். 3 கலைப் புள்ளி 22 மில்லிமீற்றரையே மறைக்கும். நிதானமாக நுட்பம் நாடிச் சுடுவோருக்குச் சிறிய புள்ளியும், விரைந்து சுடுவோருக்குப் பெரிய புள்ளியும் ஏற்றவை.

நான்காவது, பூட்டும் இடமும் உறுதியும். ஒவ்வொரு முறையும் முன்பின்னாக ஓடும் மேற்பாகத்திற் பூட்டினால், குறிகாட்டியும் அதிர்ச்சியைத் தாங்கி ஓடும். ஆகவே அது பாரமற்றதாயும் உறுதியானதாயும் இருத்தல் வேண்டும். அசையாத உடற்பாகத்திற் பூட்டினால் அதிர்ச்சி குறைவு; பாரமோ கூடும். திருகாணிகளை முறையாக இறுக்கியபின் அவற்றின் தலையிலிருந்து உடல்வரை மையால் ஒரு கோடிட்டு வைத்தால், தளர்வதை உடனே காணலாம். நம் கரையைப் போல உப்புக்காற்றும் மணலும் உள்ள இடங்களில், விளக்கு இரு கண்ணாடிகளுக்கிடையே மூடப்பட்டிருக்கும் வகை சிறந்தது. திறந்த வகையில் ஒரு துளி நீரோ தூசியோ ஒளியை மறைத்துவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சிலருக்கு அப்புள்ளி வட்டமாகத் தெரியாமல், வால்வெள்ளி போலச் சிதறித் தெரியும். கருவியைக் குறைகூறுமுன் தலையைச் சாய்த்துப் பார்க்கவேண்டும். சிதறலும் கூடவே சாய்ந்தால் குறை கண்ணிலுள்ளது. கண் வைத்தியரை நாடுதல் வேண்டும். ஒளியின் அளவைக் குறைத்தாலும் சிதறல் ஓரளவு அடங்கும்.

பயன்படுத்தும் முறையில் முதலாவது, குறியைச் சரிசெய்தல். தாங்குபொருளின்மேல் கையை ஊன்றி ஐந்து சன்னங்களைச் சுட்டு, அவற்றின் நடுவிடத்தைக் காணவேண்டும். 25 மீற்றரில் நடுவிடம் 3 சதமமீற்றர் தாழ்ந்திருப்பின், ஒரு சொடுக்குக்கு ஒரு கலை நகரும் திருகில் நான்கு சொடுக்குகள் போதும். ஒரே சன்னத்தைப் பார்த்துத் திருகைத் திருப்புவது, ஒரே பரீட்சையைக் கொண்டு பிள்ளையை மதிப்பிடுவது போன்றது.

இரண்டாவது, புள்ளியைக் கண்டுபிடித்தல். புதியவர் துப்பாக்கியை உயர்த்தியதும் கண்ணாடியிற் புள்ளி தெரியாமல் தேடுவர். காரணம் மணிக்கட்டு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோணத்தில் நிற்பதே. வெறுமையென்று இருமுறை சோதித்த துப்பாக்கியைச் சுடுதளத்தின் பாதுகாப்பான திசையிற் பிடித்து, கண்ணை மூடி உயர்த்திப் பின் கண்ணைத் திறக்கவேண்டும். புள்ளி தெரியும்வரை நாள்தோறும் இதனைப் பயில வேண்டும். தலை துப்பாக்கியிடம் குனியக்கூடாது. துப்பாக்கியே கண்ணிடம் வரவேண்டும்.

மூன்றாவதே மிகக் கடினம். புள்ளி ஓயாது நடுங்கும். முன்னர் திறந்த குறியிற் சுட்டவன் இதைக் கண்டு, இக்கருவி என்னை நடுங்க வைக்கிறது என்று அஞ்சுவான். நடுக்கம் அவன் கையில் என்றும் இருந்ததே. கருவி அதனைக் காட்டியது, அவ்வளவே. நம் பாடசாலைகளிற் பரீட்சை மதிப்பெண்ணையும் புள்ளி என்றே சொல்கிறோம். குறைந்த புள்ளி பெற்ற பிள்ளை, புள்ளியை வெறுக்கிறான். புள்ளியோ அவன் அறியாததை அவனுக்கு அறிவிக்கிறது. இங்கும் அப்படியே. புள்ளி பத்தாம் வளையத்தைக் கடக்கும் கணத்திற் பிடித்துவிட எண்ணி விசையை வெடுக்கென இழுப்பவன், அந்த இழுப்பினாலேயே குறியைத் தவறவிடுவான். சிறு நடுக்கத்தை ஏற்றுக்கொண்டு, விசையைப் படிப்படியாக, நேராகப் பின்னோக்கி அழுத்துபவனுக்கே சன்னங்கள் நடுவே கூடும்.

ஆகவே கருவி கண்ணுக்கு உதவும். கைக்குக் கல்வி கற்பிக்காது. 2024இல் பாரிசில் துருக்கியின் யூசுப் திகெச், தமது 51ஆம் வயதில், சாதாரண மூக்குக்கண்ணாடியுடன், ஒரு கையைக் காற்சட்டைப்பைக்குள் வைத்தபடி நின்று, கலப்பு இரட்டையர் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அங்கேரியின் கரோலி தக்காச் 1938இல் கைக்குண்டு வெடித்து வலக்கையை இழந்தபின், இடக்கையாற் பயின்று 1948இலும் 1952இலும் ஒலிம்பிக் தங்கம் பெற்றார். இருவருக்கும் துணைநின்றது பயிற்சியே.

இவற்றையெல்லாம் நான் மருமகனுக்கு எடுத்துரைத்தபோது என் தமக்கை பேசாமற் கேட்டுக்கொண்டிருந்தார். இறுதியில் ஒன்றை மட்டும் கேட்டார்: "தம்பி, அதின்ர வாய் யாரைப் பார்த்தபடி இருக்கும்?"

பயிற்றுநர் முதலிற் கற்பிக்கும் பாடமும் அதுவே. எல்லாத் துப்பாக்கியையும் சன்னமுள்ளதாகவே கருதவேண்டும். அதன் வாய் இலக்கின் திசையன்றி வேறெங்கும் திரும்பக்கூடாது. சுடும் கணம் வரை விரல் விசையைத் தொடலாகாது. சுடாத வேளையில் அறை வெறுமையென்பதைக் காட்டும் நிறக்கொடியைச் செருகி வைக்கவேண்டும். நம் நாட்டிலோ 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். விருப்பமுள்ளோர் முதலில் நாடவேண்டியது முறையாகப் பதியப்பட்ட கழகத்தையே.

"மண் அணையையும் கடதாசியையும் பார்த்தபடிதான் இருக்கும், அம்மா" என்றான் மருமகன். தமக்கை சிறிது நேரம் அவன் முகத்தைப் பார்த்தார். பின்னர், "அந்தப் பழக்கம் ஒருநாளும் மாறக்கூடாது" என்று கூறி எழுந்து போனார்.

அவனுக்கு நான் கூறிய முடிவு இதுதான்: இன்னும் ஓராண்டு கழகத்தின் துப்பாக்கியிலேயே திறந்த குறியுடன் பயில்க, பின்னர் நீ விரும்பும் போட்டி அனுமதிக்குமாயின், கைக்கேற்ற துப்பாக்கியையும் சிறுபுள்ளிக் குறிகாட்டியையும் வாங்குக. நேயர்களின் பிள்ளைகள் எவரேனும் இவ்விளையாட்டை நாடினால், அவர்களுக்கும் என் ஆலோசனை இதுவே.