சாங்க்துஸ்: ஓர் இலத்தீன் அடைமொழியின் பிறப்பும் திரிபும்

வன்னிப் பெருநிலத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு மடுமாதாவின் ஆடித் திருவிழாவுக்குச் சென்று மரநிழலிற் கூடாரமடித்துத் தங்கிய அக்காலத்தில், 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழிதிறக்குமுன்னர், பூசையின் பாஷை இலத்தீனாகவே இருந்தது. அப்பூசையிலும் மன்றாட்டு மாலையிலும் ‘பரிசுத்த’ என்று பொருள்படும் ஒரே பதம் ‘சாங்க்தி’, ‘சாங்க்தோ’, ‘சாங்க்தா’ எனப் பலவாறு ஒலித்தமைக்குக் காரணம் அம்மொழியின் இலக்கணமே.

ஒன்றைச் சமயச் சடங்கினால் மீறற்கரியதாக நிலைநாட்டுதல் என்னும் கருத்துடைய ‘சாங்சீரே’ என்ற வினையின் செயப்பாட்டு இறந்தகால எச்சமே ‘சாங்க்துஸ்’. கிறிஸ்து சமயம் தோன்றுமுன்னரே உரோமர் தம் சட்டங்களையும் உடன்படிக்கைகளையும் இவ்வினையால் உறுதிசெய்தனர். நகர மதில்களும் வாயில்களுங்கூட அவர்தம் நீதிநூலில் ‘சாங்க்த’ வஸ்துக்களாகவே எண்ணப்பட்டன.

நம் பெயரெச்சம் எப்பெயரைத் தழுவினும் உருத்திரியாது நிற்க, இலத்தீன் அடைமொழியோ தான் தழுவிய பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் இயைந்து ஈறு மாற்றும். மூன்று பால், இரண்டு எண், விளியுட்பட ஆறு வேற்றுமை எனப் பெருக்க 36 இடங்கள் எழுகின்றன. ஆயினும் ஒன்றோடொன்று ஒத்தவை பலவாதலின், ஏட்டில் எழுதுங்கால் 13 உருவங்களே காணப்படும். புனிதர் ஒருவரை விளித்தால் ‘சாங்க்தே’; மரியன்னையை விளித்தால் ‘சாங்க்தா’; புனிதர் பலருடைய என்றால் ‘சாங்க்தோரும்’.

இவ்வியைபின் நுட்பம் முழுமையாகப் புலப்படுவது சிலுவை அடையாளத்தில் வரும் ‘ஸ்பிரிதூஸ் சாங்க்தி’ என்ற தொடரிலேயே என்பது என் துணிபு. ஆவியைக் குறிக்கும் பெயர் நான்காம் வாய்பாட்டினது. எழுவாயில் ‘ஸ்பிரிதுஸ்’ என்றிருப்பது ஆறாம் வேற்றுமையில் ஈற்றுயிர் நீள்வதன்றி வேறுபடுவதில்லை, அந்நீட்சியும் எழுத்திற் காட்டப்படுவதில்லை. இரண்டாம் வாய்பாட்டினதாகிய அடைமொழியோ ‘சாங்க்தி’ எனத் திரிந்து, ‘ஆவியினுடைய’ என்னும் உறவை ஐயமறக் காட்டுகிறது. இயைபு வேண்டுவது வேற்றுமை ஒற்றுமையையே, ஓசை ஒற்றுமையை அன்று. பெயர் மறைத்ததை அடைமொழி வெளிப்படுத்துகிறது.

வேற்றுமை ஈறுகளை இழந்துவிட்ட போர்த்துக்கேயத்தின் வழியே அத்தொடர் ‘இஸ்பிரீத்து சாந்து’ என நம் பழைய செபங்களுட் புகுந்தபோது, ‘உடைய’ என்னும் தமிழ் உருபு இறுதியில் ஒருமுறை மட்டும் வந்து சேர்ந்தது. ‘சாங்க்தா’வுக்கு நேராக வழங்கிய ‘அர்ச்சியசிஷ்ட’ என்ற சொல்லும் சூசையப்பருக்கும் மரியாளுக்கும் திரிபின்றி முன்நின்றது. பெரிய யாகப்பரைக் குறிக்கும் ‘சந்தியோகுமையோர்’ என்ற திருநாமத்திலோ, அவ்வடைமொழி பெயரோடே ஒட்டி ஓரசையளவாய்க் குறுகி இன்றும் வழங்குகின்றது.