கொல்லையில் ஒரு குளம் தூர்த்த கதை

பஞ்ச்குலாவில் நாங்கள் வாங்கிய வீட்டின் கொல்லையில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. குளம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். 18 அடி நீளம், 9 அடி அகலம், 4 அடி ஆழம். நிரப்பினால் சுமார் 18,000 லிட்டர் பிடிக்கும். கோடையில் குடிக்கும் தண்ணீருக்கே பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் நாம் அதை எங்கே நிரப்புவது? நாங்கள் குடிவந்தபோதே ஓடுகள் பெயர்ந்து, மோட்டார் துருப்பிடித்துக் கிடந்தது.

மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. இப்படித் தேங்கிய தெளிந்த நீர்தான் அதற்கு இஷ்டம். வெயில் நாளில் முட்டை கொசுவாவதற்கு எட்டுப் பத்து நாள் போதும். போதாக்குறைக்கு, இரண்டு வயதுப் பேரன் வீடு முழுக்க ஓட ஆரம்பித்திருந்தான். மூடிவிடுவது என்று தீர்மானித்தோம்.

என் மாமியார் மட்டும் ஒப்பவில்லை. கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்கு நாலு தெரு தள்ளிப் பிறந்தவர். "குளம் வெட்டினார்கள் என்று கேட்டிருக்கிறேன். தூர்த்ததை யாரும் பெருமையாகச் சொல்லிக் கேட்டதில்லை" என்றார். "இது ஊற்றுள்ள குளம் இல்லையம்மா, சிமெண்டுத் தொட்டி" என்று என் கணவர் சொன்ன சமாதானம் எடுபடவில்லை.

முதலில் வந்த காண்டிராக்டர், எல்லாவற்றையும் இடித்து, 'மல்பா'வை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுப் புது மண் கொட்டலாம் என்றார். இடிபாடுகளுக்கு இந்தப் பக்கம் மல்பா என்றுதான் பெயர். அவர் சொன்ன தொகையைக் கேட்டு நாங்கள் மறுபடி காப்பி போட்டுக் குடித்தோம். அடுத்து வந்தவர் பீகாரைச் சேர்ந்த வயதான மிஸ்திரி. குழிக்குள் இறங்கி, தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதன் மல்பா இதற்குள்ளேயே போகட்டும். ஆனால் முதலில் அடியில் ஓட்டை போட வேண்டும்" என்றார்.

இதே வேலையில் இறங்க நினைக்கும் அன்பர்கள் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. அடித்தளத்தை உடைக்காமல் மண்ணைக் கொட்டினால், உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேற வழியில்லாமல் தேங்கும். மேலே தோட்டம், கீழே சேறு. செடியின் வேர் அழுகிய பிறகுதான் விஷயமே தெரியும். எங்கள் மிஸ்திரி ஓரடி அகலத்தில் பன்னிரண்டு துளைகள் போட்டார். கான்கிரீட்டை உடைத்து, அடியிலுள்ள மண் தெரியும் வரை. பிறகு நாலு டிரம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். காலையில் தரை ஈரமாக மட்டும் இருந்தது.

மாமியார் தடியை ஊன்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "தண்ணீர் எங்கே?"

"பூமிக்குள் போய்விட்டது அம்மா."

"மழைத் தண்ணீரும் இப்படியே போகுமா?"

போகும் என்றேன். வேறு எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

மேல் சுவரை ஒன்றரை அடி ஆழம் வரை இடித்துக் குழிக்குள் தள்ளினோம். எதிர் வீட்டில் சமையலறையைப் புதுப்பித்துக் கொண்டிருந்த சர்தார்ஜி, தன் மல்பாவையும் எடுத்துக்கொள்வோமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். யாருக்கு யார் உபகாரம் செய்தோம் என்று இன்றும் தெரியவில்லை! அதில் கிடந்த மரத்துண்டு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து பொறுக்கினேன். மரம் மக்கினால் மண் உள்வாங்கும். கீழே கல்லும் செங்கலும், இடுக்கில் மணல், மேலே ஒன்றரை அடிக்கு மண்ணும் சாண எருவும். அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்தியும், முதல் மழைக்காலம் முடிந்தபோது நாலு அங்குலம் இறங்கியது. மீண்டும் மண் போட்டு நிரவினோம்.

குளத்தின் ஓரத்துக் கோட்டா கற்கள் நடைபாதை ஆயின. இறங்கும் ஏணியின் எஃகுக் குழாய்கள் அவரைப் பந்தலுக்குக் கால்கள். மோட்டாரைக் கபாடிவாலாவுக்குப் போட்டதில் எருவுக்கான காசு கிடைத்தது. உடைந்த நீல ஓடுகளை என்ன செய்வது என்று யோசித்தபோது, சண்டிகரின் ராக் கார்டன் நினைவுக்கு வந்தது. பிரிவினையில் எல்லாம் இழந்து வந்த நேக் சந்த், சாலை இன்ஸ்பெக்டராக வேலை பார்த்துக்கொண்டே, உடைந்த வளையலும் பீங்கானும் பொறுக்கி, பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் உருவாக்கிய இடம். 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரிடம் சிலைகள். எங்களிடம் ஒரு துளசி மாடம், நாலு பக்கமும் நீல ஓட்டுச் சில்லு பதித்தது. சற்றுக் கோணல்தான்.

அவரை விதையை ஜூலையில் போட்டால் இங்கே தீபாவளியை ஒட்டிப் பூக்கிறது. கறிவேப்பிலைக்கு டிசம்பர், ஜனவரியில் இரவில் சாக்கு போர்த்த வேண்டும். உறைபனி பட்டால் இலை கருகிவிடும். முருங்கையைத் தூர்த்த இடத்தில் வைக்காமல், ஆழமான மண் கிடைக்கட்டும் என்று சுவர் ஓரமாக வைத்தோம். குளிரில் மொட்டையாக நிற்கும். மார்ச்சில் துளிர்க்கும்.

அந்த இடத்தைக் காட்டியவர் மாமியார்தான். "வாசலில் முருங்கை ஆகாது, கொல்லையில் வை" என்றார். இப்போது மழை பெய்தால் ஜன்னலோரம் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்துகொள்கிறார். எவ்வளவு நேரத்தில் தண்ணீர் வடிகிறது என்று கடிகாரத்தைப் பார்க்கிறார். போன ஆவணியில் பெய்த பெருமழைக்கு நாற்பது நிமிடம்.