78 நாள் போனஸ் – எந்த நாளின் கூலி?



“ரயில்வே ஊழியருக்கு 78 நாள் ஊதியம் போனஸ்!” என்று 2025 செப்டம்பரில் டில்லி அறிவித்தது. கேட்பவர் வியப்பர். இரண்டரை மாதச் சம்பளமா, கொடுத்து வைத்தவன் ரயில்வேக்காரன் என்பர். கொடுத்தது எவ்வளவு? எண்ணிப் பார்ப்போம்.

உச்சத்தொகை 17,951 ரூபாய். அவ்வளவுதான்! சம்பளம் எவ்வளவு இருந்தாலும், போனஸ் கணக்குக்கு மட்டும் மாதம் 7,000 ரூபாய்தான் என்று வரம்பு கட்டி வைத்திருக்கிறார்கள். அதன்படி ஒரு நாளின் விலை ஏறத்தாழ 230 ரூபாய்! ஏழாவது ஊதியக்குழு வகுத்த கடைநிலை ஊழியரின் அடிப்படைச் சம்பளமே 18,000 ரூபாய். அந்தக் கணக்கில் 78 நாளுக்கு 46,159 ரூபாய் வரவேண்டும். ஏட்டில் எழுபத்தெட்டு; கையில் முப்பது நாள் சம்பளம்!

சிக்னல், தொலைத்தொடர்புத் தொழிலாளியைப் பாருங்கள். நள்ளிரவு. கொட்டும் மழை. கேபிள் பழுது, சிக்னல் சிவப்பிலேயே நிற்கிறது. அழைப்பு வருகிறது. மனைவி மக்கள் உறங்க, அவன் கைவிளக்கோடு தண்டவாளத்தோரம் நடக்கிறான். பழுதைத் தேடுகிறான், தீர்க்கிறான். பச்சை விளக்கு எரிகிறது; வண்டி ஓடுகிறது. உள்ளே உறங்கும் பயணிக்கு எதுவும் தெரியாது. தெரியாதிருப்பதே அவன் உழைப்பின் வெற்றி!

இதற்குப் பெயர் ‘உற்பத்தித்திறன் போனஸ்’. ஏற்றிய சரக்கும் சென்ற பயணிகளும் அதற்கு அளவுகோல். நிலக்கரியை டன் கணக்கில் நிறுக்கலாம். நேராத விபத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

2023 ஜூன் 2-ஆம் நாளை மறந்திருக்கமாட்டீர்கள். ஒடிசாவில் பாலசோர் அருகே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கிளைப்பாதையில் புகுந்து, நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிக்னல் இணைப்பு வேலையில் நேர்ந்த பிழை என்றது விசாரணை. தவற்றுக்குப் பொறுப்புக் கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். ஆனால், பிழைத்தால் மலையளவு பொறுப்பு, பிழையின்றி உழைத்தால் 230 ரூபாய் மதிப்பு என்றால், இது என்ன நியாயம்?

10 லட்சத்து 91 ஆயிரம் பேருக்கு 1,865 கோடி ரூபாய் தருகிறோமே என்பார்கள். ஒரு கை அளித்த கொடையா இது? 1965-இன் போனஸ் சட்டம் ரயில்வே தொழிலாளியை வெளியே நிறுத்தியது. 1974 மே 8 முதல் 27 வரை நாடே அதிர வேலைநிறுத்தம் செய்தார்கள். போனஸும் அதன் கோரிக்கை. சிறை கண்டார்கள், வேலை இழந்தார்கள். அதன் பிறகே, 1979-80-இல், அரசுத் துறைகளில் முதலாவதாக ரயில்வேக்கு இந்த போனஸ் வந்தது. சலுகையல்ல தோழர்களே, சிறைக்கதவைத் தட்டிப் பெற்ற உரிமை!

78-ஐ 100 ஆக்குங்கள் என்று தொழிலாளி கேட்கவில்லை. அந்த 78 நாளுக்கும் வாங்குகிற சம்பளத்தையே கணக்கில் வையுங்கள் என்கிறான். 7,000 என்ற வரம்பு உடைய வேண்டும்.

விழித்திருந்து பச்சை விளக்கேற்றுகிறவன் அவன். அவன் கோரிக்கைக்கு மட்டும் இன்னும் எத்தனை நாள் சிவப்பு விளக்கு?