பட்டாளத்து லாரிக்கு எந்த டயர்?

பட்டாளத்தில் ஓடிய லாரி ஒன்று ஏலத்துக்கு வருகிறது. பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. உயரமான உடல். பச்சை வர்ணம். ஆள் இடுப்புக்கு வரும் டயர்கள். டயரில் பட்டன்கள் கட்டை கட்டையாக, தேயாமல் நிற்கின்றன.

மேச்சேரியில் ஒருவர் அந்த லாரியை எடுக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அவர் முதலில் என்ன சொல்வார்?

"டயர் புத்தம் புதுசு! அந்தச் செலவு மிச்சம்!"

அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

பட்டாளத்து லாரி அதிகம் ஓடாமல், கொட்டகையில் நின்றபடியே பல ஆண்டு காலம் கழித்திருக்கலாம். ஓடாத டயரில் பட்டன் தேயாது. ஆனால் ரப்பருக்கு வயதாகும். வெயிலும் காற்றும் பட்டு அது இறுகிவிடும். பக்கச் சுவரில் மயிரிழை போல வெடிப்பு விடும். பார்வைக்குப் புதிது, உள்ளே கிழடு! சரக்கு ஏற்றி, வெயில் நேரத்தில் தார் ரோட்டில் ஓட்டினால், அது வெடித்துவிடக் கூடும். வெடிப்பது முன் டயராக இருந்தால், ஸ்டீரிங் கையில் நிற்காது.

ஆகையால் இந்த லாரிக்கு டயர் பார்க்கத் தெரிந்துகொள்வது நல்லது.

முன்பு வந்த லாரிகள்

பட்டாளத்து லாரி ஊருக்குள் வருவது புதிது அல்ல. இரண்டாவது உலக யுத்தம் 1945-ம் ஆண்டில் முடிந்தது. ராணுவத்துக்குத் தேவைக்கு மேல் இருந்த லாரிகள் விற்கப்பட்டன. அவை சரக்கு ஏற்றின. மேல்கட்டு மாறி, பஸ்ஸாகவும் ஓடின.

அந்த யுத்தத்தில் டயருக்கு வந்த பஞ்சம் பெரிது. 1942-ம் ஆண்டு தொடக்கத்தில் மலேயாவையும், பிறகு ஜாவாவையும் ஜப்பான் பிடித்துக்கொண்டது. உலகத்து ரப்பரில் பெரும் பகுதி அந்தப் பக்கத்தில்தான் விளைந்தது. அமெரிக்காவில் அந்த ஆண்டு ஜனவரி மாதமே டயருக்கு ரேஷன் வந்தது. மலேயாத் தோட்டங்களில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களில் மிகப் பலர் தமிழர்கள். சேலம் ஜில்லாவிலிருந்து கப்பல் ஏறியவர்களும் அவர்களில் உண்டு.

சுதந்திர இந்தியாவில் ராணுவ லாரிகள் இங்கேயே தயாராயின. ஜெர்மனியின் மான் கம்பெனியின் உரிமத்தைப் பெற்று, 1959-ம் ஆண்டு முதல் ஜபல்பூரில் "சக்திமான்" லாரிகள் செய்தார்கள். பிற்பாடு அசோக் லேலண்டின் "ஸ்டாலியன்" லாரிகள் வந்தன.

டயர்த் தொழிலும் வளர்ந்தது. சென்னை திருவொற்றியூரில் 1946-ம் ஆண்டில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை ரப்பர் பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் தேய்ந்த டயருக்கு மேல் ஒட்டும் ரப்பர் செய்தார். 1961-ல் டயர் தொழிலில் இறங்கினார். அதுதான் எம்.ஆர்.எப். கம்பெனி.

முதலில் வயதைப் பாருங்கள்

டயரின் வயதை டயரே சொல்லும். பக்கச் சுவரில் ஒரு சிறு கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். "2319" என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம்.

அந்த இடத்தில் மூன்று எண்கள் மட்டும் இருந்தால்? அது 2000-ம் ஆண்டுக்கு முன் செய்தது. பட்டன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அதைக் கழற்றி எறிந்துவிடுங்கள். ஸ்டெப்னியாகக்கூட வைக்க வேண்டாம்.

புது டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பாருங்கள். கடையில் வெகு காலம் கிடந்த டயரைப் புதிது என்று வாங்கிவிடக் கூடாது.

பாரத்துக்கு ஏற்ற டயர்

அடுத்தது அளவு. "9.00-20" என்று போட்டிருந்தால், டயரின் அகலம் ஏறக்குறைய 9 அங்குலம், டிஸ்க்கின் குறுக்களவு 20 அங்குலம். நடுவில் "ஆர்" என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது ரேடியல் டயர். இல்லாவிட்டால் பெரும்பாலும் நைலான் டயர்.

"16 பி.ஆர்." என்பது டயரின் வலுவைக் காட்டும் எண். எண் கூடினால் வலுவும் கூடும். அளவு ஒன்றாக இருப்பதாலேயே இரண்டு டயரும் ஒரே பாரம் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. எத்தனை கிலோ தாங்கும், அதற்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று பக்கச் சுவரில் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் கடைக்காரரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

சாதாரண லாரியில் பின்பக்கம் ஒவ்வொரு முனையிலும் ஜோடி டயர் இருக்கும். ராணுவ லாரிகள் பலவற்றில் பின்னாலும் ஒற்றை டயர்தான். முன் டயர் சேற்றில் போட்ட தடத்திலேயே பின் டயரும் போகும். அதனால் இழுப்பு குறையும். ஜோடி டயருக்கு நடுவில் கல் சிக்குவது போன்ற தொல்லையும் இல்லை.

ஆனால் பாரக் கணக்கு மாறிவிடுகிறது. பின் அச்சில் 8 டன் பாரம் விழுகிறது என்று வையுங்கள். நான்கு டயர் இருந்தால் ஒன்றுக்கு 2 டன். இரண்டே டயர் இருந்தால் ஒன்றுக்கு 4 டன்! பக்கத்து வீட்டு லாரிக்குப் போட்ட டயரையே இதற்கும் போட்டால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

லாரியில் சரக்கு ஏற்றி எடை மேடைக்குக் கொண்டு போங்கள். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடை போடுங்கள். பிறகு பின் சக்கரங்களை மட்டும் நிறுத்துங்கள். எந்த டயர் வேண்டும் என்பது அந்தச் சீட்டிலேயே தெரிந்துவிடும்.

ரோட்டுக்கு ஏற்ற பட்டன்

ராணுவ டயரின் பட்டன்கள் பெரிய கட்டைகளாக இருக்கும். நடுவே அகலமான பள்ளம் இருக்கும். சேற்றிலும் மணலிலும் புதையாமல் இழுக்கத்தான் இந்த அமைப்பு. வண்டி முன்னே போனாலும், பின்னே வந்தாலும் பிடிப்பு ஒன்றுதான்.

மேச்சேரி வண்டிக்கு அந்த வேலை எவ்வளவு இருக்கிறது? மேட்டூருக்கும், ஓமலூருக்கும், தொப்பூருக்கும் போவது தார் ரோடு. தார் ரோட்டில் கட்டைப் பட்டன் சத்தம் போடும். வேகமாக ஓடினால் சூடேறும். சீக்கிரம் தேயும். மழை நாளில், ரோட்டில் படும் ரப்பர் குறைவு. பிரேக் போட்டால் வழுக்கும்.

கல் குவாரிக்கும் காட்டு வழிக்கும் தினம் போகிற வண்டி என்றால் கட்டைப் பட்டன் சரி. பாதி தார், பாதி மண் என்றால் இரண்டுக்கும் பொதுவான கலப்புப் பட்டன் கிடைக்கும். தார் ரோட்டிலேயே ஓடும் வண்டிக்குக் கம்பீரம் வேண்டாம். தார் ரோட்டு டயரையே போடுங்கள்.

எல்லாம் ஒரே சுற்றளவு

ராணுவ லாரியில் முன் சக்கரமும் எஞ்சின் பலத்தால் சுற்றும். முன்னும் பின்னும் பல் சக்கரங்களால் பிணைக்கப்பட்டிருக்கும். ஆகையால் எல்லா டயரும் ஒரே சுற்றளவாக இருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு சுண்ணாம்புக் கட்டி போதும். டயரில் ஒரு கோடு, நேர் கீழே தரையில் ஒரு கோடு போடுங்கள். டயர் சரியாக ஒரு சுற்று வரும்வரை வண்டியை நகர்த்துங்கள். மறுபடியும் தரையில் கோடு போட்டு, இடைவெளியை அளந்து பாருங்கள்.

முன் டயர் ஒரு சுற்றுக்கு 3.20 மீட்டர் போகிறது. தேய்ந்த பின் டயர் 3.10 மீட்டர்தான் போகிறது. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் பின் டயர் சுமார் 10 சுற்று அதிகம் சுற்ற வேண்டும். மண்ணில் சக்கரம் வழுக்கிச் சமாளிக்கும். தார் ரோட்டில் வழுக்க முடியாது. அந்த முறுக்கு முழுவதும் பல் சக்கரங்களில் ஏறும். டயரில் மிச்சம் பிடித்தவர் கியர் பெட்டிக்குச் செலவழிப்பார்!

ரேடியலையும் நைலானையும் கலந்து போடாதீர்கள். முன் சக்கரத்தின் இயக்கத்தை நிறுத்தும் பிடி இருந்தால், தார் ரோட்டில் அதை நிறுத்தி ஓட்டுங்கள். ஸ்டெப்னியும் மற்ற டயர்களின் அளவாகவே இருக்கட்டும்.

ஆளைக் கொல்லும் வளையம்

இதைப் பஞ்சர் போடும் தம்பிமார் கட்டாயம் படிக்க வேண்டும்.

பழைய ராணுவ லாரிகளின் டிஸ்க், பல துண்டுகளாக இருக்கும். டயர் வெளியே வராமல் ஓர் இரும்பு வளையம் பிடித்துக்கொண்டிருக்கும். வேறு சிலவற்றில் டிஸ்க் இரு பாதிகளாக, போல்ட் நட்டால் முடுக்கப்பட்டிருக்கும். டயருக்குள் காற்று இருக்கும்போது அந்த நட்டைக் கழற்றினாலோ, வளையத்தைத் தட்டினாலோ, இரும்பு குண்டு போலப் பறக்கும். எதிரில் இருப்பவர் பிழைப்பது அரிது.

முதலில் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் விடுங்கள். பிறகுதான் நட்டில் கை வைக்க வேண்டும். துருப்பிடித்த வளையம், வளைந்த வளையம் ஆகாது. காற்று அடிக்கும்போது சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வையுங்கள். நீண்ட குழாயைப் பயன்படுத்தி, எட்ட, ஒரு பக்கமாக நில்லுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

தினமும் ஒரு நிமிஷம்

நல்ல டயரையும் காற்றுக் குறைவு கெடுக்கும். காற்று குறைந்தால் டயர் மடிந்து மடிந்து நிமிரும். அதனால் சூடேறும். தர்மபுரிப் பக்கமிருந்து தொப்பூர் கணவாயில் பாரத்தோடு இறங்கும்போது, பிரேக்கின் சூடும் டிஸ்க் வழியாக டயருக்கு வரும். இரண்டு சூடும் சேர்ந்தால் எந்த டயர் தாங்கும்?

காலையில், வண்டி எடுக்கும் முன், டயர் ஆறி இருக்கும்போது காற்றை அளந்து பாருங்கள். அதற்கு ஒரு நிமிஷம் போதும்.

ஏலம் எடுக்கும் முன் இன்னொன்று. இந்த லாரியைப் பதிவு செய்ய முடியுமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களுக்கு 2023-ம் ஆண்டு முதல் கடுமையான விதிகள் வந்திருக்கின்றன. பதிவு ஆகாத லாரிக்குப் புது டயர் வாங்கி என்ன பயன்?

லாரி வாங்கும் பணம் பல வீடுகளில் நகையை வைத்துப் புரட்டிய பணம். ஆகவே டயர் செலவையும் முதலிலேயே லாரி விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அந்தத் தொகை கைக்கு எட்டாவிட்டால், ஏலத்தில் கேட்காமல் திரும்பி வந்துவிடுங்கள். லாரி இன்னொன்று வரும். அதை ஓட்டிப் போன மகன், இரவு நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும்.