ஊர்கூடிப் பின்னும் வைஃபை வலை

ஒரே கோபுரத்தை நம்பாமல், வீட்டுக் கூரைகளில் இருக்கும் ரூட்டர்கள் தங்களுக்குள் தகவலைக் கைமாற்றிக்கொள்ளும் இணைய அமைப்புக்கு மெஷ் நெட்வொர்க் என்று பெயர். ஒவ்வொரு ரூட்டரும் தன் வீட்டுக்கு இணையம் தருவதோடு அடுத்த வீட்டுக்கும் கடத்திவிடும். நடுவில் ஒன்று அணைந்துபோனால், மென்பொருளே மாற்றுவழி பார்த்துக்கொள்ளும். வெளியுலக இணைப்பு ஏதாவது ஒரு முனையில் இருந்தால் போதும். கருவி வாங்குவது, பழுது பார்ப்பது, செலவைப் பங்கிடுவது எல்லாம் ஊர்க்காரர்கள் பொறுப்பு. ஸ்பெயினின் கத்தலோனியாவில் 2004-இல் தொடங்கிய குய்ஃபி.நெட் இந்த வகையில் பெரிய பெயர்.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைத் திறந்தவெளியில் உரிமமின்றிப் பயன்படுத்த 2005 ஜனவரியில் அனுமதி வந்தது. மறுமாதமே, திபெத்திய அகதிகள் வாழும் தர்மசாலாவில் மெஷ் வலை ஓடத் தொடங்கியது. மலை குறுக்கிடும் ஊரில் அலை ரூட்டருக்கு ரூட்டர் தாவித்தான் போக முடியும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலில் மலைத் தடையில்லை, சீமைக்கருவேலந்தான் தடை. இலைதழை அலையை உறிஞ்சிவிடும். இரு முனைகளும் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. தறியில் ஓடும் நாடாவைப் போல அலையின் பாதை நடுவில் பருத்திருக்கும். 10 கிலோமீட்டர் இணைப்பில், நடுவழியில் நேர்க்கோட்டுக்குக் கீழே சுமார் 11 மீட்டர் வெறுமையாக இருக்க வேண்டும். பூமியின் வளைவுக்கு இன்னும் ஒன்றரை மீட்டர். கீழே 5 மீட்டர் கருவேலம் நின்றால், ஆன்டெனா 18 மீட்டர் உயரம் ஏற வேண்டும். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஒரு கம்பம் நட்டால் சரிக்கட்டிவிடலாம். ஆக, ஊருக்கும் ஊருக்கும் இடையே நேரடி இணைப்பு, ஊருக்குள் மெஷ் என்பதே இந்த மண்ணுக்குப் பொருந்தும்.

நேரடி இணைப்புக்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமப் பார்வை மையங்களோடு பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைஃபையால் இணைத்தார்கள். நோயாளி கிராமத்தில் இருக்க, தேனியிலிருந்து மருத்துவர் வீடியோவில் பார்த்தார். சாதாரண வைஃபை, அனுப்பிய ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் பதில் எதிர்பார்க்கும். தூரம் கூடினால் பதில் தாமதமாகும்; தொலைந்தது என்று நினைத்து மறுபடி அனுப்பும். முறைவைத்து அனுப்பும் மென்பொருளை எழுதி அதைச் சரிசெய்தார்கள். ஆனால் அலையைவிட மின்சாரமே அதிகம் படுத்தியது. கருவிப் பழுதுகளில் சுமார் 90 சதவீதத்துக்கு மோசமான மின்சாரமே மூலகாரணம் என்று 2008-இல் எழுதினார்கள். எனவே ரூட்டர் வாங்கும் பணத்தில் சோலார் தகடு, பேட்டரி, கம்பத்துக்கு எர்த், இடிதாங்கி ஆகியவற்றுக்கும் பங்கு ஒதுக்க வேண்டும். சிக்கனம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

சட்டம் இப்போது இடம் கொடுக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டப்படி, டீக்கடைக்காரர்கூட உரிமமோ கட்டணமோ இல்லாமல் பொது வைஃபை வழங்கலாம். இணைப்பை மட்டும் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் வாங்க வேண்டும்.