வானூர்தித் தாமதமும் வரைபடங்களும்

விமான நிலையத்தில் காத்திருப்போர்க்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ‘தாமதம்’ என்னும் ஒற்றைச் சொல்லே. ஏன் தாமதம் என ஆராயப் புகுவோர்க்கு அமெரிக்க நாட்டின் பதிவேடு பெருந்துணையாக அமைகின்றது. அந்நாட்டின் பெரிய வானூர்தி நிறுவனங்கள் உள்நாட்டுப் பயணம் ஒவ்வொன்றும் புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் 1987 முதல் அரசின் போக்குவரத்துத் துறைக்கு அளித்து வருகின்றன. குறித்த நேரத்திற்கு 15 நிமிடமோ அதற்கு மேலோ பிந்திச் சேர்வதே அங்குத் தாமதம் எனப்படும். (14 நிமிடம் பிந்தியவர் உரிய நேரத்தில் வந்தவராகவே கொள்ளப்படுவார்!)

2009இல் அமெரிக்கப் புள்ளியியல் கழகம் இப்பதிவுகளுள் ஏறத்தாழ 12 கோடியை ஆய்வாளர்முன் வைத்து, இவற்றைப் படமாக்கிக் காட்டுக என அழைத்தது. அத்தனை வரிகளையும் படித்து முடிக்க ஒரு வாழ்நாள் போதாது. படமாயின் அவற்றின் போக்கு ஒரு பார்வையில் புலனாகும். ஆயினும் படமும் நம்மை மயக்கக்கூடும் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

2003 ஜூன் முதல் தாமதத்தின் காரணமும் ஐந்து தலைப்புகளில் பதிவாகின்றது. நிறுவனத்தின் குறை, கடும் வானிலை, வான்போக்குவரத்து ஒழுங்குமுறை, பாதுகாப்புச் சோதனை, முந்தைய பயணத்திலிருந்து வானூர்தி பிந்தி வருதல் என்பன அவை. இவற்றை வட்டப் படமாக வரைந்தால் கடும் வானிலை ஒரு சிறு கீற்றாகவே தோன்றும். இயற்கையின்மேல் பிழையில்லை என உடனே தீர்ப்பளித்துவிடத் தோன்றும். அது பிழையான தீர்ப்பு. பறத்தலையே தடுக்கும் புயல், பனிப்பொழிவு போன்றவையே அத்தலைப்பில் சேரும். பறக்க இயன்றும் வேகத்தைக் குறைக்கும் முகிலும் மழையும் ஒழுங்குமுறைக் கணக்கில் மறைந்துவிடுகின்றன.

சான்பிரான்சிஸ்கோ இதற்குத் தக்க சான்று. அங்குள்ள இணை ஓடுபாதைகளின் இடைவெளி 750 அடியே. வானம் தெளிந்திருந்தபோது இரு வானூர்திகள் அருகருகே இறங்கி வந்தன. கோடைக்காலைகளில் கடல்முகில் தாழக் கவிந்தபோது அவ்வாறு இறங்குதல் நின்று, வருகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இனி, வட்டத்தில் பெரும் பங்கு கொள்ளும் ‘பிந்தி வருதல்’ என்பதைக் காண்போம். உண்மையில் அது காரணமன்று, காரணத்தின் வழித்தோன்றல். நாளின் மணிகளைக் கிடைக்கோட்டிலும் தாமதத்தை நெடுக்கோட்டிலும் குறித்தால், விடியலில் தாழ்ந்திருக்கும் கோடு மாலைவரை ஏறிக்கொண்டே செல்லும். ஒரே வானூர்தி ஒரு நாளிற் பல ஊர்களுக்குப் பறப்பதால், காலையில் ஓரூரில் படிந்த முகில், மாலையில் வானம் தெளிந்த வேறோர் ஊரின் பயணியைக் காக்க வைக்கின்றது. அவரோ வானத்தை நோக்கிவிட்டு நிறுவனத்தைக் கடிந்துகொள்வார்! வானூர்தியின் வாற்பகுதியில் எழுதப்பட்ட எண்ணும் பதிவேட்டில் உண்டு. அதனைக் கொண்டு ஒரு நாளின் பயணங்களை வரிசையாக அடுக்கினால், தாமதம் எங்குப் பிறந்தது, எங்கெங்குக் கைமாறியது என்பது தெளிவாகும்.

மற்றொன்றும் கவனிக்கற்பாலது. தாமதம் கால அட்டவணையை வைத்தே அளக்கப்படுகின்றது. அட்டவணை நேரத்தையே நீட்டிவிட்டால், வானூர்தி சற்றும் விரையாமலேயே படத்தில் தாமதம் குறைந்து தோன்றும். ஆதலின், தேர்ந்த ஆய்வாளர் பயணத்திற்கு மெய்யாகவே ஆன நிமிடங்களையும் அக்கோட்டின் அருகே வரைந்து ஒப்பிடுவர்.