கம்பி எந்தப் பக்கம்?

பாரிஸில் ஷான்ஸ் எலிஸே அரங்கம் 1913-இல் திறக்கப்பட்டது. சுமார் 1,900 இருக்கைகள், அடுக்கடுக்காகப் பால்கனிகள். ஆனால் பின்வரிசைக்காரரின் பார்வையை மறைக்கும் தூண் எதுவும் பால்கனிக்கு அடியில் இல்லை. கட்டியவர் ஓகுஸ்த் பெரே. பளிங்கு முகப்புக்குப் பின்னே இருந்தது கம்பி போட்ட கான்கிரீட். பால்கனி எப்படி அந்தரத்தில் நிற்கிறது? கடலை மிட்டாயைக் கேட்போம்.

கடலையும் பாகும்

ஜல்லியும் மணலும்தான் கடலை. சிமெண்ட் குழைவு வெல்லப்பாகு. ஒரே வித்தியாசம், பாகு ஆறி இறுகும். சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகும். அதனால்தான் கான்கிரீட்டைப் போட்ட பிறகும் நாள்கணக்கில் ஈரம் காயாமல் தண்ணீர் விடுகிறோம்.

உடையும் பக்கம்

மிட்டாய்ப் பாளத்தை மேடையில் வைத்து அழுத்துங்கள், அசையாது. இப்போது பாதியை விளிம்புக்கு வெளியே நீட்டி, உள்பாதியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, நுனியை அழுத்துங்கள். படக்! விரிசல் மேற்பக்கத்தில்தான் தொடங்கும். வளையும்போது மேற்பக்கம் இழுபடுகிறது, கீழ்ப்பக்கம் நசுங்குகிறது. பாளம் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது.

கம்பி

இழுப்பைத் தாங்குவது கம்பியின் வேலை. ஆகவே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்கு முக்கியக் கம்பி மேற்பக்கம். இரண்டு சுவர்மேல் உட்கார்ந்த உத்தரமோ நடுவில் தொய்யும்; அங்கே கம்பி அடிப்பக்கம். கலவையும் கம்பியும் சரியாக இருந்தாலும், பக்கம் மாறிப்போனால் பால்கனி விழும்.

உள்ளங்கை

பாளத்தின் உள்பாதியை அமுக்கிய கை கட்டடத்தில் எது? கம்பி விளிம்போடு நிற்காமல் பின்னால் உத்தரத்துக்குள்ளும் தூணுக்குள்ளும் ஓடுகிறது. எல்லாம் சேர்ந்து ஒரே எலும்புக்கூடாக இறுகுகிறது. பெரேயின் வட்டக் கூடத்தைச் சுற்றி இரண்டிரண்டாக நின்ற எட்டுத் தூண்கள்தான் அந்தக் கை.

கரித்துணி

அரங்குகளுக்கு இன்னொரு பயம் நெருப்பு. பாரிஸிலேயே ஒபேரா கொமீக் அரங்கம் 1887-இல் எரிந்து பலர் மாண்டனர். மரம் எரியும்; வெறும் இரும்போ அனலில் வலுவிழந்து வளையும். கம்பியைப் போர்த்திய கான்கிரீட், சூடான பாத்திரத்தைப் பிடிக்கும் கரித்துணி போல, வெப்பம் உள்ளே போவதைத் தாமதப்படுத்தும்.

திறந்த சில வாரங்களில், மே 29 அன்று, இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' பாலே அங்கே அரங்கேறியது. பார்வையாளர்களின் கூச்சலில் கூடம் அதிர்ந்தது. பால்கனியைப் பிடித்திருந்த கை தளரவில்லை.